பாட்டுப் போடாமலே கொதித்த கார் ஆம்ப்: ஒரு முழு ஆய்வு

மேலூர் பக்கத்திலிருந்து டிரிப் ஓட்டும் ஒரு டீசல் வண்டி. ஏழு பேர் உட்காரலாம். அழகர்கோவில், பழனி, ராமேஸ்வரம் என்று பெரும்பாலும் கோயில் சவாரிதான். பின் சீட்டுக்கு அடியில் நான்கு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று. முன்னிரண்டு சேனலில் கதவு ஸ்பீக்கர்கள். பின்னிரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே ஸ்பீக்கரை ஓட்டும்படி சேர்த்து, ஒரு 12 அங்குல சப்வூஃபர் (பாஸ் ஸ்பீக்கர்). ஆம்பின் சொந்த ஃபியூஸ் 30 ஆம்பியர். ஒத்தக்கடையில் என் பெஞ்சுக்கு அது வந்தபோது அந்த இடத்தில் 60 ஆம்பியர் ஃபியூஸ் உட்கார்ந்திருந்தது. வண்டியின் கதையில் பாதியை அந்த ஃபியூஸே சொல்லிவிட்டது.

இந்த வண்டியைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் உண்டு. இந்த ஆம்ப் ஏற்கெனவே ஒருமுறை எரிந்து, வேறோர் இடத்தில் பழுது பார்க்கப்பட்டு, மறுபடி எரிந்தது. எரிந்த பாகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த யாரும் பத்து நிமிடத்தில் செய்வார்கள். அது ஏன் எரிந்தது என்ற கேள்வியை யாரும் கேட்காமல் விட்டதால்தான் வண்டி உரிமையாளரான அந்த அண்ணன் இரண்டாம் முறை செலவழிக்க வேண்டி வந்தது.

உரிமையாளர் சொன்னது

பழுது பார்க்க வருபவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டாலே போதும், வேலை பாதியாகக் குறையும். இவர் சொன்ன மூன்று விஷயங்களை அப்படியே குறித்துக்கொண்டேன்.

முதலாவது, ஆம்ப் மாட்டிய நாளிலிருந்தே ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்ற இரைச்சல். ரேஸ் ஏற ஏற இரைச்சலும் ஏறும். மாட்டியவரிடம் கேட்டதற்கு, டீசல் வண்டியில் அப்படித்தான் இருக்கும் என்றாராம். இரண்டாவது, சித்திரைத் திருவிழா நேரத்தில், நல்ல வெயிலில், சத்தமாகப் பாட்டு ஓடும்போது ஆம்ப் நின்று நின்று வந்திருக்கிறது. ஆற விட்டால் பாடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். பிறகு ஒருநாள் ஃபியூஸ் போய் மொத்தமாக நின்றுவிட்டது. மூன்றாவதுதான் முக்கியமானது. முதல் முறை பழுது பார்த்த பிறகு ஆம்ப் வேலை செய்தது, ஆனால் ஒரு மாற்றம்.

“தம்பி, பாட்டே போடல. செட்டு ஆன்ல இருந்தாலே போதும், தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. சரிபண்ணிக் கொடுத்தவருட்ட போயிக் கேட்டேன். புது பார்ட்டு போட்டிருக்கு, அப்படித்தான் இருக்கும்ண்டாரு.”

பாட்டு ஓடும்போது சூடானால் லோடு அதிகம் என்று நினைக்கலாம். பாட்டே இல்லாதபோது சூடானால், ஸ்பீக்கருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆம்புக்கு உள்ளேயே மின்சாரம் வீணாகிறது. அதுவும் பழுது பார்த்த பிறகுதான் தொடங்கியது என்றால், முதல் சந்தேகம் அந்தப் பழுது பார்த்த வேலையின் மேல்தான் விழும்.

முதலில் வண்டி, பிறகு ஆம்ப்

ஆம்பைக் கழற்றிப் பெஞ்சுக்குக் கொண்டுபோகும் முன் வண்டியை அளப்பது என் வழக்கம். ஆம்ப் செத்துக் கிடந்தாலும் வயரிங்கைச் சோதிக்கலாம். அதற்கு ஒரு ஹெட்லைட் பல்பு போதும். எச்4 பல்பின் இரண்டு ஃபிலமென்டையும் சேர்த்து, ஆம்புக்கு வரும் பாசிட்டிவ் வயருக்கும் எர்த் வயருக்கும் நடுவில் கொடுத்தேன். 60-ம் 55-ம் சேர்ந்து 115 வாட். கிளாம்ப் மீட்டரில் ஏறத்தாழ 9 ஆம்பியர் காட்டியது. வெறும் வயரில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து “12 வோல்ட் வருது, வயரிங் ஓகே” என்று முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை. ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும். மின்சாரம் ஓடும்போதுதான் வயர் தன் குணத்தைக் காட்டும்.

எஞ்சின் ஓட, பேட்டரி முனையில் 14.0 வோல்ட். பல்பில் 13.2. நடுவில் 0.8 வோல்ட் எங்கோ தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைப் பல்பின் பாசிட்டிவிலும் வைத்தால் 0.2. அதேபோல் நெகட்டிவ் பக்கம் 0.6. ஆக, குற்றம் பெரும்பாலும் எர்த்தில்.

0.6 வோல்ட் சின்ன எண்ணாகத் தெரியலாம். 9 ஆம்பியருக்கு 0.6 என்றால், ஆம்ப் 30 ஆம்பியர் இழுக்கும்போது 2 வோல்ட். அதாவது ஒரே ஒரு போல்ட்டின் முனையில் 60 வாட் சூடாகப் போகிறது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். பின் சீட்டு அடைப்பின் போல்ட்டில், பெயின்ட்டைச் சுரண்டாமல், அதன் மேலேயே லக் (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) வைத்து இறுக்கியிருந்தது. போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் பாடிக்குத் தொடர்பு. லக்கைச் சுற்றி பெயின்ட் பழுப்பேறியிருந்தது. விரலால் அசைத்தால் லக் லேசாகச் சுழன்றது.

பாசிட்டிவ் வயரையும் விடவில்லை. வெளியே பார்க்கத் தடிமனான சிவப்புக் கேபிள். பிளேடால் ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருந்தது. தாமிரப் பூச்சு பூசிய அலுமினியம். தாமிரம் கடத்துவதில் சுமார் அறுபது சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். அதோடு இந்தக் கேபிளில் தடிமனில் பாதி ரப்பர். பேட்டரி முனைக்கு அருகே ஃபியூஸும் கிடையாது. வழியில் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், தடுக்க ஒன்றுமில்லாமல் பேட்டரியின் மொத்த மின்சாரமும் அந்த வயரில் பாயும். குடும்பத்தோடு ஆட்கள் போகும் வண்டியில் இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குகிறது.

இரைச்சலுக்கும் இந்த எர்த்தான் காரணம். ஆம்பின் எர்த்தில் வோல்டேஜ் உயர்ந்து நிற்க, முன்னால் இருக்கும் செட்டின் (ஸ்டீரியோவின்) எர்த்தில் தாழ்ந்து நிற்க, இரண்டுக்கும் நடுவில் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரின் மேலுறை வழியே ஆல்டர்னேட்டரின் அலைவு பாட்டோடு கலந்துவிடுகிறது. டீசல் வண்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம் சப்வூஃபர். ஆம்ப் பக்கம் வரும் அதன் இரண்டு வயர்களைக் கழற்றி அளந்தால் 1.8 ஓம். பெட்டியைத் திறந்தேன். இரட்டைக் காயில் (கம்பிச் சுருள்) சப், ஒவ்வொரு சுருளும் 4 ஓம். இரண்டையும் பக்கவாட்டில் (பேரலலாக) இணைத்திருந்தார்கள், ஆகவே 2 ஓம். டிசி மின்தடை எப்போதும் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும் என்பதால் 1.8. ஆனால் ஆம்பின் முதுகில், பிரிட்ஜ் செய்தால் குறைந்தது 4 ஓம் என்று அச்சடித்திருக்கிறது. பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலும் லோடில் பாதியைத்தான் பார்க்கும். 2 ஓமைப் பிரிட்ஜில் கொடுத்தால் ஒரு சேனலின் கண்ணுக்கு 1 ஓம். ஓம் குறையக் குறைய லோடு ஏறும். வெயிலில் நின்று நின்று வந்ததற்கும், முதல்முறை எரிந்ததற்கும் விடை இங்கே கிடைத்துவிட்டது. இரு மடங்கு லோடு, இறங்கிய வோல்டேஜ், கார்பெட்டுக்கு அடியில் காற்றில்லாத இடம், அதோடு மதுரை வெயில். இத்தனையும் சேர்ந்தால் எந்த ஆம்பும் தாங்காது.

பெஞ்சில் திறந்தபோது

மூடியைக் கழற்றியதும் கருகல் வாடை. பவர் சப்ளை பக்கம் பிசிபியில் (பாகங்கள் பதித்த சர்க்யூட் பலகையில்) ஒரு டிராக், அதாவது தாமிரத் தடம், எழும்பிப் பிளந்திருந்தது. 30 ஆம்பியர் ஃபியூஸ் இருந்திருந்தால் அது போயிருக்கும், டிராக் தப்பியிருக்கும். பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் 0.3 ஓம். நேர் ஷார்ட்.

கார் ஆம்ப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு பெரிய சத்தம் எழுப்ப முடியாது. அதனால் ஆம்புக்குள் ஒரு ஸ்விட்சிங் சப்ளை, 12 வோல்ட்டை நறுக்கி, வளைய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர்த்தித் தரும். இந்த ஆம்பில் அது கூட்டல் 26, கழித்தல் 26. நறுக்கும் வேலையை மாஸ்ஃபெட்டுகள் இரண்டு அணியாகப் பிரிந்து மாறி மாறிச் செய்யும். மாஸ்ஃபெட் என்பது ஸ்விட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர். கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால்; கேட்டில் வோல்டேஜ் வந்தால் மற்ற இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் ஓடும். இவற்றுக்குத் தாளம் போட்டுக் கொடுப்பது டிஎல்494 என்ற ஐசி. கார் ஆம்புகளில் மிகவும் பரவலாக இருப்பது இதுதான்.

இங்கே அணிக்கு இரண்டு வீதம் நான்கு மாஸ்ஃபெட்டுகள். ஓர் அணியில் பழைய ஐஆர்எஃப்இசட்44என் இரண்டு, மறு அணியில் புதிதாக வைத்த ஐஆர்எஃப்3205 இரண்டு. பார்த்ததும் பெருமூச்சுதான் வந்தது.

இணையாக நிற்கும் மாஸ்ஃபெட்டுகளில் எது போனது என்று டிரெயினில் அளந்து சொல்ல முடியாது, அணியில் ஒன்று ஷார்ட் ஆனாலும் இரண்டும் ஷார்ட்டாகவே காட்டும். கேட்டில் பார்க்க வேண்டும். பழைய இசட்44 ஒன்றின் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவில் சில ஓம்தான். அதன் 47 ஓம் கேட் ரெசிஸ்டர் கருகித் திறந்துகொண்டிருந்தது. அது திறந்துகொண்டதால் பின்னால் இருந்த, கேட்டை இயக்கும் ட்ரைவர் டிரான்சிஸ்டர் பிழைத்தது. ஆக, இந்த முறை போனது புதியது அல்ல, பழையது. இதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. புது மாஸ்ஃபெட் போலியாக இருந்து போயிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். நல்ல பக்கம் என்று தொடாமல் விட்டது ஏன் போனது?

ட்ரைவர் பகுதியைப் பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தேன். டிஎல்494 கேட்டுக்கு மின்சாரத்தைத் தள்ளி மாஸ்ஃபெட்டை ஆன் செய்யும். அணைப்பதற்கு, கேட்டில் சேர்ந்த மின்னூட்டத்தைச் சட்டென்று எர்த்துக்கு இழுக்க ஒவ்வொரு பக்கமும் பிஎன்பி என்ற வகை டிரான்சிஸ்டர் ஒன்று இருக்கும். பழைய பக்கத்தில் இருந்தது பிடி140, ஒன்றரை ஆம்பியர் தாங்கக்கூடியது. 3205 வைத்த பக்கத்தில், கால்களை முறுக்கித் துளைகளில் நுழைத்து, ஒரு பிசி557. அது வெறும் 100 மில்லி ஆம்பியர் சிறுசு.

முதல் பழுதில் மாஸ்ஃபெட்டோடு அந்தப் பக்கத்து பிடி140-ம் போயிருக்கிறது. கையில் கிடைத்த பிஎன்பியை வைத்து மூடிவிட்டார்கள். மாஸ்ஃபெட்டிலும் பெரிய எண்ணைப் போட்டால் பலம் என்று நினைத்திருக்கிறார்கள். 3205 110 ஆம்பியர், இசட்44 49 ஆம்பியர். அந்த வரையில் சரிதான். ஆனால் தகவல் தாளில் இன்னொரு வரி இருக்கிறது, கேட் மின்னூட்டம். இசட்44-க்கு அதிகபட்சம் 63 நானோகூலும். 3205-க்கு 146. இரண்டு மடங்குக்கும் மேல். அணைக்க வேண்டிய பாரம் இரண்டு மடங்கு ஏறிய பக்கத்தில், இழுக்கும் டிரான்சிஸ்டரின் பலம் பதினைந்தில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது.

சந்தேகம் சரியா என்று பார்க்க மாஸ்ஃபெட்டுகள் நான்கையும் கழற்றிவிட்டு, டிஎல்494-க்கு மட்டும் சப்ளை கொடுத்தேன். 12-ஆம் காலில் பேட்டரி வோல்டேஜ், 14-ஆம் காலில் 5 வோல்ட். ஐசி நலம். கேட் பேடுகளில் (பலகையில் கேட் கால் சோல்டர் ஆகும் இடங்களில்) மல்டிமீட்டர் இரு பக்கமும் சுமார் 5 வோல்ட் காட்டியது. சதுர அலையின் சராசரி அவ்வளவுதான் இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் ட்ரைவர் நன்றாக இருக்கிறது என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். மாஸ்ஃபெட் இல்லாத வெறும் பேடில் இழுக்க வேண்டிய மின்னூட்டமே கிடையாது, பிறகு பலவீனம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு கேட் பேடிலும் 4.7 நானோஃபேரட் கண்டென்சர் ஒன்றைத் தற்காலிகமாக எர்த்துக்கு வைத்து, அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். பிடி140 பக்கம் அலை செங்குத்தாக விழுந்தது, அரை மைக்ரோ செகண்டுக்குள் கீழே வந்துவிட்டது. பிசி557 பக்கம் சறுக்கி இறங்கி, ஒன்றரை மைக்ரோ செகண்ட் எடுத்துக்கொண்டது.

இந்த ஆம்பில் ஓர் அணி அணைந்து மறு அணி ஆன் ஆவதற்கு நடுவில் விட்டிருக்கும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மைக்ரோ செகண்ட். 3205 முழுக்க அணையும் முன்பே எதிர் அணி ஆன் ஆகிவிடுகிறது. அந்த நொடித்துளியில் டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதியும் ஒன்றையொன்று ஷார்ட் செய்கின்றன. ஒரு செகண்டில் பல்லாயிரம் முறை இது நடக்கிறது, பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும். போதாததற்கு, ஒரு பக்கம் மட்டும் அதிக நேரம் ஆனில் இருப்பதால் டிரான்ஸ்ஃபார்மரின் கோர் (நடுவில் இருக்கும் காந்த வளையம்) ஒரு திசையில் காந்தத்தால் நிரம்பி, மின்சாரம் துள்ளும். அண்ணன் சொன்ன அந்தக் கொதிப்புக்கு இதுதான் காரணம். இரு அணியிலும் ஒரே மின்சாரம் ஓடும்போது, உள்தடை அதிகமுள்ள இசட்44 அதிகம் சூடாகும். அது முதலில் செத்தது.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. பேட்டரி எர்த்துக்கும் ஆடியோ எர்த்துக்கும் நடுவில் இருக்கும் 47 ஓம் ரெசிஸ்டர் கருகியிருந்தது. எர்த் லக் தளர்ந்து தொடர்பு விட்ட நேரங்களில், ஆம்ப் தன் எர்த்தை ஆர்சிஏ வயர் வழியாக இந்தச் சின்ன ரெசிஸ்டர் மூலம் தேடியிருக்கிறது. செட்டின் ஆர்சிஏ எர்த்தையும் சோதித்தேன். நல்ல வேளை, அது தப்பியிருந்தது. வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள், ரெக்டிஃபையர் டயோடுகள் எல்லாம் நலம்.

மாற்றியவை

3205-ஐயே நான்காகப் போடலாமே என்று கேட்கலாம். சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த ட்ரைவர் வடிவமைக்கப்பட்டது இசட்44-ஐ ஓட்டத்தான். நான்கு இசட்44என், ஒரே தொகுப்பிலிருந்து, அதுதான் என் முடிவு. டவுன்ஹால் ரோடு பக்கம் போய், தேவைக்கு மேலேயே வாங்கி வந்தேன். காரணம், சந்தையில் எண்ணை அழித்து மேலே புது எண் அச்சடித்த போலிகள் நிறைய. எண்ணைப் பார்த்து நம்பக் கூடாது, அளந்துதான் நம்ப வேண்டும். கேட்டில் 10 வோல்ட் கொடுத்து, டிரெயின் வழியே 5 ஆம்பியர் ஓட்டினால், உண்மையான இசட்44என்-னில் சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் நடுவில் 90 மில்லிவோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. உள்தடை 17.5 மில்லி ஓம் என்பதால் இந்தக் கணக்கு. இதில் தேறியவற்றிலிருந்து நான்கை எடுத்துக்கொண்டேன். ஒன்று 160 காட்டியது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிசி557-ஐ எடுத்துவிட்டு பிடி140. கேட் ரெசிஸ்டர்கள் நான்கும் புதிது. எர்த் ரெசிஸ்டர் புதிது. பேட்டரிப் பக்கத்துக் கண்டென்சர்கள் தலை உப்பியிருந்தன. 16 வோல்ட் ரகம். 14 வோல்ட்டைத் தாண்டி ஓடும் வண்டியில் இது விளிம்பில் நிற்பது. 25 வோல்ட், 105 டிகிரி ரகம் வைத்தேன். பிளந்த டிராக்கின் மேல் தடித்த தாமிரக் கம்பியைப் படுக்க வைத்துச் சோல்டர் செய்தேன். மாஸ்ஃபெட்டுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவில் மின்காப்பாக இருக்கும் மைக்காக்கள் கிழிந்திருந்தன. அவற்றை மாற்றி, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது தடவினேன். பேஸ்ட்டை அப்பி வைக்கக் கூடாது. மெல்லிய படலம் போதும். மதுரைக் கோடையில் பூட்டிய வண்டிக்குள் இருக்கும் சூட்டில் இதெல்லாம் அலட்சியப்படுத்தக் கூடிய விஷயம் அல்ல. இசட்44-இன் 49 ஆம்பியர் என்பது உடல் 25 டிகிரியில் இருக்கும்போது. 100 டிகிரியில் அது 35-க்கு இறங்கிவிடும்.

முதல் முறை சப்ளை கொடுக்கும்போது பாசிட்டிவ் வயரில் தொடராக 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்று. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பாகங்கள் பிழைக்கும். இங்கே ஒரு முறை மின்னி, மங்கிப் போய், அப்படியே நின்றது. பல்பை எடுத்துவிட்டு நேரடிச் சப்ளை. சும்மா இருக்கும்போது 1.1 ஆம்பியர். நான்கு சேனலின் வெளியீட்டிலும் டிசி 20 மில்லிவோல்ட்டுக்குள். அரை மணி நேரம் பாட்டில்லாமல் ஓட விட்டேன். ஹீட்சிங்க் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

வண்டியில் திரும்ப மாட்டும்போது எர்த்துக்கு வேறு இடம் தேர்ந்தெடுத்தேன். பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரிய வைத்து, க்ரிம்ப் செய்த லக், பல் வாஷர், இறுக்கிய பின் மேலே துருப்பிடிக்காமல் வாசலின். பாசிட்டிவுக்கு 16 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள். பேட்டரியிலிருந்து ஓரடிக்குள் ஃபியூஸ். ஆம்பில் மீண்டும் 30 ஆம்பியர். மறுபடி அதே ஹெட்லைட் பல்பை வைத்து அளந்தேன். எர்த் பக்கம் 0.03, பாசிட்டிவ் பக்கம் 0.06. சப்பின் இரு காயிலையும் தொடராக மாற்றினேன். இப்போது 8 ஓம். எஞ்சினை ரேஸ் செய்து பார்த்தால் இரைச்சலே இல்லை. அண்ணனுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

ஆனால் ஒரு மனக்குறை இருந்தது அவருக்கு. “பாஸ் கொஞ்சம் கம்மியாயிருச்சே தம்பி.” உண்மைதான். 4 ஓமில் தரும் பவரில் பாதிதான் 8 ஓமில் கிடைக்கும். “அண்ணே, இதே சப் இன்னொண்ணு வாங்குங்க. ரெண்டும் எட்டு எட்டு, பக்கவாட்டில் சேர்த்தா சரியா நாலு ஓம் வரும், ஆம்ப் தாங்கும்” என்றேன். அதற்கு முன், ஆம்பைக் கார்பெட்டுக்கு அடியிலிருந்து எடுத்து, பின் கதவை ஒட்டி, காற்றுப் படும்படி நிறுத்தி வைக்கப் பலகை அடித்துக் கொடுத்துவிட்டேன். சப் இன்னும் வாங்கவில்லை; பழனி சவாரிகள் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்.